வியாழன், காலை எட்டு

"வியாழனா, வெள்ளியா?" என்றார் மருத்துவர்,
பல் பிடுங்க நாள் கேட்பதுபோல.
வியாழன் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியாது.
ஒரு பிறந்தநாளை வாயால் சொல்லி எடுத்துக்கொண்டு
வெளியே வந்தவள்
நாற்காலியில் மறந்த தொப்பிக்காகத்
திரும்பப் போனேன்.

குழந்தை குறுக்கே கிடக்கிறது,
காற்றில் கயிறு நழுவிய படகு
துறைக்கு விலா காட்டி நிற்பதுபோல.
இருமுறை வெளியிலிருந்து பிடித்துத் திருப்பினார்கள்.
திரும்பியது.
மறுநாள் பழையபடி.
பிடிவாதம் எலியேசர் வீட்டு வழி.

புவேர்த்தோ வில்லியம்ஸில்
கை முறிந்தால் கட்டுப்போடுவார்கள்,
வயிற்றைத் திறக்க மாட்டார்கள்.
ஆகவே மூன்று வாரம் முன்பே
முப்பது மணி நேரக் கப்பல்,
மடியில் வயிறு, காலடியில் பை,
புந்தா அரேனாஸில் ஒரு வாடகை அறை.
இங்கே ஜன்னல் ஓயாமல் பேசுகிறது.

தாளில் எழுதியிருக்கிறது:
நகப்பூச்சு கூடாது. நகை கூடாது.
நள்ளிரவுக்குப் பின் உணவு கூடாது,
தெளிந்த நீர் மட்டும் ஆறு மணி வரை.
சிவப்பு சோப்பில் இரவு ஒரு குளியல்,
விடியுமுன் ஒன்று.
பயப்படாதே என்று எங்கும் எழுதவில்லை.
நல்ல தாள்.

மோதிரம் கழலவில்லை.
விரல் வீங்கி அதை விழுங்கியிருந்தது.
வீட்டுக்காரி தோப்ரிலா பல்லிடுக்கு நூலை
விரலில் நெருக்கிச் சுற்றி
ஒரு முனையை மோதிரத்தின் அடியில் நுழைத்து
மெல்லப் பிரித்தாள்.
கண்ணில் நீர் வந்தது எனக்கு,
அவளுக்கு வெற்றி.
குட்டிக் காலுறை ஒன்றில் போட்டு முடிந்துவைத்தேன்.

பதினொரு வருஷமாக நண்டு ஆலையில் வேலை.
கத்தியின் கைப்பிடிப் பக்கம்தான்
எப்போதும் நின்றிருக்கிறேன்.
சிலநாள் பெட்டிக்குள்
பெண் நண்டு ஒன்று தப்பி வந்துவிடும்,
பிடிக்கக் கூடாதது.
புரட்டினால் அடிமடல் நிறையச் சினை,
ஊதா நிறத்தில்.
வாளியில் கடல்நீர் ஊற்றித் தனியே வைப்போம்.
மாலையில் யாராவது துறைக்குக் கொண்டுபோவார்கள்.
பிழைத்ததா என்று
நாங்கள் கேட்டதில்லை.

"எத்தனை ஆழம்?" என்று கேட்டேன் மருத்துவரை.
தோல், கொழுப்பு என்று தொடங்கி
ஏழு படலம் விரல்விட்டுச் சொன்னார்.
நானும் கூடவே எண்ணினேன், தொழில்முறையில்.
எந்தப் படலத்தில் கத்தியை வைத்துவிட்டு
விரலால் விலக்குவீர்கள் என்றேன்.
சிரித்தார்.
நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன.
போதும்.

ஆலையிலிருந்து நோரால்பா செய்தி அனுப்பியிருக்கிறாள்:
வலி இல்லாமல் பெறுவதும் ஒரு பேறா?
அவள் மூன்று பெற்றவள், மூன்றும் கதறி.
வலி உண்டு, எனக்குத் தவணையில் என்று பதில் போட்டேன்.
பிறகு வெகுநேரம்
அந்தக் கேள்வியை அழிக்காமல் வைத்திருந்தேன்.

எலியேசர் மதியமே வந்திருக்க வேண்டும்.
சின்ன விமானம், பெரிய காற்று,
எழும்பவில்லை.
காலையில் பார்ப்போம் என்கிறார்கள்.
மயக்க மருத்துவரின் நேரம், கட்டிலின் எண்,
தையல் பிரிக்கும் தேதிகூட எழுதியாகிவிட்டது.
காற்றுக்குத்தான் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு
சீமை மாதுளை ஜாம் தடவி இரண்டு ரொட்டி தின்றேன்,
பசியில்லாமல், சட்டத்துக்குப் பயந்தவளாக.
சோப்பு வாசம் என் முழங்கையில்
வேறு யாருடையதோபோல் இருந்தது.
வயிற்றின் அடியில், கோடு வரப்போகும் இடத்தை
கண்ணாடியில் பார்க்க முயன்றேன்.
தெரியவில்லை. அந்த இடத்தைப் பார்த்து
நாலு மாதமாகிறது.

படுத்தபின் குழந்தைக்கு விக்கல்.
குறுக்கே கிடந்தபடியே,
வலப்பக்கம், சீராக.
யாரோ நினைக்கிறார்கள்.
அங்கே அவனும் தூங்கவில்லை போலும்.
எழுந்து ஜன்னல் கொக்கியை இறுக்கிவிட்டு
மறுபடி படுத்தேன்,
சொன்னபடி
இடப்பக்கமாக.